நாற்பது டன் லாரிக்கு அடியில் ஒரு கட்டைப் பாலம்: ஆஸ்திரேலியாவில் தொய்வை அளக்கும் முறைகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தை ஒரு காலத்தில் 'மரப்பாலங்களின் மாநிலம்' என்றே சொல்வார்கள். 1861 முதல் 1936 வரை அங்கே சட்டக முறையில் கட்டிய பெரிய மரப்பாலங்கள் மட்டும் 400க்கு மேல். சின்ன ஓடைகளின் குறுக்கே, உருண்டைக் கட்டைகளையே உத்திரமாகப் போட்டுக் கட்டிய எளிய பாலங்கள் இதைவிடப் பல மடங்கு. அன்றைக்கு இரும்பு இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டியிருந்தது. மரமோ பக்கத்துக் காட்டிலேயே நின்றது, அதுவும் சாதாரண மரம் இல்லை. அயர்ன்பார்க் என்ற யூகலிப்டஸ் வகை தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு கனம். கண்டத்தின் மறுகோடியில், மேற்கு ஆஸ்திரேலியாவில் இதே வேலையை ஜாரா, வாண்டூ என்ற வேறு இரண்டு யூகலிப்டஸ் வகைகள் செய்தன.

இந்தப் பாலங்களைக் கட்டும்போது மனதில் வைத்திருந்த பாரம் மாட்டு வண்டியில் வரும் கம்பளி மூட்டைகளும், நீராவியில் ஓடும் இழுவை வண்டியும்தான். 1976ல் ஆஸ்திரேலிய நெடுஞ்சாலைத் துறைகள் புதிய பாலங்களுக்கு வகுத்த 'டி44' என்ற பார மாதிரியே 44 டன். இன்று அங்கே ஆறு அச்சு லாரி ஒன்று பொது அனுமதியிலேயே 42.5 டன் வரை போகலாம். இரட்டை டிரெய்லர் கட்டிய 'பி-டபுள்' 62.5 டன் வரை போகும். பால் டேங்கர், தானிய லாரி, மரக்கட்டை ஏற்றிய லாரி எல்லாம் அதே பழைய பாலத்தின் மேல்தான் வருகின்றன. உள்ளாட்சி அலுவலகத்தில் இருக்கும் பொறியாளருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இதை விடலாமா, நிறுத்த வேண்டுமா? நிறுத்தினால் விவசாயி பல கிலோமீட்டர் சுற்ற வேண்டும். விட்டால், ஏதாவது ஆனால் கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்ல வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலான பழைய கட்டைப் பாலங்கள் தேறாது. ஆனால் கண்ணெதிரே அவை தினமும் பாரத்தைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. கணக்கு எங்கோ தேவைக்கு மேல் கறாராக இருக்கிறது என்று அர்த்தம்; அல்லது பாலத்துக்கு இன்னும் அதிர்ஷ்டம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளத்தான் பாரத்தை ஏற்றித் தொய்வை, அதாவது பாலம் எவ்வளவு கீழே வளைகிறது என்பதை, அளக்கிறார்கள்.

பாலத்தின் உடல்வாகு

ஒரு கண், அதாவது இரண்டு தாங்குமிடங்களுக்கு நடுவே உள்ள நீளம், ஆறிலிருந்து பத்துப் பதினோரு மீட்டர் வரை இருக்கும். ஒரு கண்ணுக்கு நாலைந்து உத்திரங்கள். ஒவ்வொன்றும் 400 மி.மீ. விட்டத்தை ஒட்டிய ஒரு முழுக் கட்டை, பட்டை மட்டும் உரித்தது. மரம் என்பதால் ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். உத்திரம் நேராகத் தூணில் உட்காருவதில்லை. நடுவில் 'கார்பெல்' என்கிற குட்டைக் கட்டை ஒன்று இருக்கும். அது தலைக்கட்டையின் மேல் படுத்திருக்கும். தலைக்கட்டை மரத்தூண்களின் உச்சியில் போல்ட் போட்டுக் கட்டப்பட்டிருக்கும். உத்திரங்களின் மேல் குறுக்கே பலகைகள், ஒவ்வொன்றும் பெரிய ஆணிகளால் அறையப்பட்டவை.

இந்த அடுக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். லாரி நடுக்கண்ணில் நிற்கும்போது உத்திரம் மட்டும் வளைவதில்லை. கார்பெல் நசுங்கும். தலைக்கட்டை நசுங்கும். மரத்தை நாருக்குக் குறுக்கே அழுத்தினால் அது மிக மென்மையானது. நார் வாக்கில் இருக்கும் விறைப்பில் சிறு பங்குதான் அதற்கு உண்டு. அடியில் தூண் உளுத்திருந்தால் அதுவும் இறங்கும். தண்ணீரும் காற்றும் மாறி மாறிப் படுகிற இடம்தான் மரத்தூணுக்குக் கண்டம், அதாவது தரைமட்டத்தை ஒட்டிய பகுதி. ஆகவே நடுக்கண்ணில் மட்டும் ஒரு அளவுமானியை வைத்து '16 மி.மீ. தொய்ந்தது' என்று எழுதிவிட்டுப் போனால் அந்த எண்ணுக்கு மதிப்புக் குறைவு. ஒரு முனை 3, இன்னொரு முனை 5 மி.மீ. இறங்கியிருந்தால் உத்திரத்தின் சொந்த வளைவு 12தான். மீதி 4 தாங்குமிடங்களின் கணக்கு. உத்திரம் நன்றாக இருந்து தலைக்கட்டை கெட்டிருக்கும் பாலத்தில் உத்திரத்தை மாற்றச் செலவழிப்பது இப்படித்தான் நடக்கிறது.

லாரி ஏற்றும் நாள்

லாரியை முதலில் எடைமேடைக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு அச்சையும் தனித்தனியாக எடைபோட வேண்டும். மொத்த எடை மட்டும் தெரிந்தால் போதாது. ஆறு மீட்டர் கண்ணில் லாரி முழுசாக உட்காராது, பின் அச்சுக் கூட்டம் மட்டும்தான் ஒரு நேரத்தில் மேலே இருக்கும். பிறகு பாலத்தின் மேல் சுண்ணாம்பால் கோடு போட்டு, சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்று குறிப்பார்கள். ஒருமுறை நடுவில், ஒருமுறை இடது ஓரத்தில், ஒருமுறை வலது ஓரத்தில். பாரமும் ஒரேயடியாக முழுசாக ஏறாது. பாதி ஏற்றிய லாரி முதலில், அப்புறம் முக்கால், அதன் பிறகுதான் முழுப் பாரம்.

ஓடையில் தண்ணீர் குறைவாக இருந்தால் படுகையில் கம்பு நட்டு அதன் மேல் டயல் கேஜை, அதாவது சிறு நகர்வையும் முள்ளால் காட்டும் அளவுமானியை, உட்கார வைக்கலாம். தண்ணீர் இருந்தால் உத்திரத்திலிருந்து மெல்லிய எஃகுக் கம்பியைத் தொங்கவிட்டு, அதன் அடியில் கனமான எடையைப் படுகையில் உட்கார வைத்து, இடையில் அளவுமானியைப் பொருத்துவார்கள். கம்பிக்கும் வெயில் தெரியும். மூன்று மீட்டர் எஃகுக் கம்பி 15 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டர் நீளும். அதனால் விடியற்காலையிலோ மேகமூட்டத்திலோ சோதனை வைப்பது வசதி. முடியாவிட்டால் ஒவ்வொரு ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் வெற்றுப் பாலத்தின் அளவை எடுக்க வேண்டும். எதுவும் இல்லாவிட்டால் கரையில் மட்டமானியை நிறுத்தி, உத்திரத்தில் அளவுகோலை ஒட்டிப் படிக்கலாம். துல்லியம் குறையும், ஆனால் பாலத்துக்கு அடியில் யாரும் நிற்க வேண்டாம். பாரம் மேலே இருக்கும்போது கீழே ஆள் போவது எந்த முறையிலும் கூடாது. இன்று அளவுமானிகளை மின்கம்பி வழியாகக் கரையிலிருந்தே படிப்பதற்கு இதுதான் முதல் காரணம், துல்லியம் இரண்டாவது.

லாரி நின்றதும் முள் ஒரு எண்ணுக்குப் போகும். உடனே எழுதிவிடக் கூடாது. மரம் அதோடு நிற்காது. 9.8ல் நின்ற முள் ஐந்து நிமிடத்தில் மெல்ல 10.1க்கு நகரும். இது மரத்தின் ஊர்வு, இயல்பானது. வேகம் குறைந்துகொண்டே போக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஒரே வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தாலோ, வேகம் கூடினாலோ லாரியை இறக்கிவிட வேண்டும். நீண்ட நேரம் பாரம் நிற்பது மரத்துக்குத் தனிப் பிரச்சினை. 1951ல் அமெரிக்காவின் மேடிசன் நகர வனப்பொருள் ஆய்வகத்தில் லைமன் வுட் வெளியிட்ட வளைகோடு இன்றும் இதற்கு அடிப்படை: சில நிமிடம் தாங்கும் பாரத்தில் ஏறத்தாழ 62 சதவீதத்தைத்தான் அதே மரம் பத்து வருஷத்துக்குத் தாங்கும். லாரி கடந்து போகும் சில விநாடிகள் பாலத்துக்குச் சாதகம். பழுதான லாரி பாலத்தின் மேலேயே நின்றுவிடுவது பாதகம்.

பாரத்தை இறக்கிய பிறகு வரும் எண்ணை நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக மதிக்கிறேன். 10 மி.மீ. தொய்ந்தது, லாரி போனபின் 0.4 மிச்சம் இருக்கிறது, சற்று நேரத்தில் அதுவும் 0.1 ஆகிறது, சரி, உத்திரம் மீள்கிறது. 2 மி.மீ. அப்படியே தங்கிவிட்டால் ஏதோ இடம் மாறியிருக்கிறது: போல்ட் துளையில் நழுவல், கார்பெல்லில் நசுங்கல், அல்லது நார் முறிவு. முதல் ஏற்றத்தில் தங்கி, இரண்டாம் ஏற்றத்தில் தங்காவிட்டால் அது பெரும்பாலும் இணைப்புகள் உட்கார்ந்த கணக்கு. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகத் தங்கினால் சோதனை அங்கேயே முடிந்தது.

இன்னொரு வேடிக்கையும் இந்தப் பாலங்களில் உண்டு. பலகைக்கும் உத்திரத்துக்கும் நடுவே சில இடங்களில் வெளிச்சம் தெரியும். உத்திரம் காய்ந்து சுருங்கியிருக்கும், அல்லது தொடக்கத்திலேயே கொஞ்சம் தாழ்ந்த கட்டையாக இருந்திருக்கும். லாரி வந்ததும் பலகை வளைந்து அந்த இடைவெளி மூடும். அதன் பிறகுதான் அந்த உத்திரம் வேலையில் சேரும். பாரம்-தொய்வு வரைபடத்தில் இது தெளிவாகத் தெரியும்: மற்ற உத்திரங்களின் கோடு தொடக்கத்தில் சாய்ந்து, ஒரு கட்டத்தில் நிமிரும். அந்த முறிவுப் புள்ளிக்குக் கீழே எடுத்த அளவை வைத்து முழுப் பாரத்துக்குக் கணக்கிட்டால் தொய்வு மிகையாக வரும். ஆனால் வேலையில் சேராத உத்திரத்தின் தொய்வு மட்டும் பார்ப்பதற்கு அருமையாக, மிகக் குறைவாக இருக்கும். பட்டியலில் அதுதான் 'மிக நல்ல உத்திரம்' என்று இடம்பிடிக்கும்!

ஐந்து எண்களை எப்படிப் படிப்பது

லாரி நடுவில் நிற்கிறது. ஐந்து உத்திரங்களின் தொய்வு வரிசையாக 4, 9, 12, 10, 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 40. நடு உத்திரம் 12. அப்படியானால் அது பாரத்தில் 30 சதவீதம் சுமக்கிறது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். எல்லா உத்திரங்களும் ஒரே விறைப்பு என்றால் மட்டும் அது சரி. பழைய கட்டைப் பாலத்தில் அப்படி ஒருபோதும் இருக்காது. ஒன்று 380 மி.மீ., ஒன்று 430, ஒன்று 1950களில் மாற்றியது, ஒன்று போன வருஷம் மாற்றியது.

பலகைகள் நன்றாக அறையப்பட்டிருந்தால் அவை உத்திரங்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும். மெலிந்த உத்திரம் தனியாகக் கீழே போக முடியாது. பக்கத்து இரண்டும் அதன் பாரத்தை வாங்கிக்கொள்ளும். அதனால் தொய்வின் வடிவம் வழுவழுப்பான கிண்ணமாக, சந்தேகம் எழாதபடி வரும், உள்ளே ஒன்று சோம்பிக் கிடந்தாலும். பலகை தளர்ந்த பாலத்தில்தான் மெலிந்த உத்திரம் பட்டென்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். நல்ல தளம் நோயை மறைக்கிறது, கெட்ட தளம் காட்டுகிறது. இந்த முரண் பிடிபடாமல் தொய்வு அட்டவணையைப் படிக்க முடியாது. இதனால்தான் ஓரங்களில் லாரியை நிறுத்தி எடுக்கும் அளவுகள் முக்கியம். பாரம் இடம் மாறும்போது கிண்ணம் எப்படிச் சாய்கிறது என்பதிலிருந்து ஒவ்வொரு உத்திரத்தின் விறைப்பையும் பின்னோக்கிக் கணக்கிடலாம்.

பொந்து பற்றிய கணக்கு

இந்த ஆய்வில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இதுதான். மற்றதெல்லாம் நுட்பம்.

யூகலிப்டஸ் கட்டைகள் உள்ளிருந்து கெடும். நட்ட நடுவில் பூஞ்சையோ கறையானோ புகுந்து குழாய் போலப் பொந்து விழும். வெளியே வைரம் பாய்ந்த மரம் சுத்தியலால் தட்டினால் கணீரென்று இருக்கலாம். இந்தப் பொந்தைத் தொய்வு எவ்வளவு காட்டும்?

400 மி.மீ. விட்டமுள்ள உருண்டைக் கட்டை, 6 மீட்டர் கண், மரத்தின் விறைப்பைச் சொல்லும் நெகிழ்குணகம் 16,000 மெகாபாஸ்கல், நடுவில் 50 கிலோநியூட்டன், அதாவது சுமார் ஐந்து டன் பாரம். பாடப்புத்தகச் சூத்திரப்படி தொய்வு 11.2 மி.மீ. இப்போது நடுவில் 200 மி.மீ. பொந்து விழுந்துவிட்டது என்று வைப்போம். விட்டத்தில் பாதி போய்விட்டது. ஆனால் வளைவைத் தடுக்கும் ஆற்றல் விட்டத்தின் நான்காம் அடுக்கில் போகிறது. பாதியின் நான்காம் அடுக்கு பதினாறில் ஒன்று. ஆக, விறைப்பில் இழப்பு 6 சதவீதம் மட்டுமே. தொய்வு 11.2லிருந்து 11.9 மி.மீ. ஆகும். களத்தில் இந்த 0.7 மி.மீ. வித்தியாசம் கட்டையின் முனைக்கு முனை மாறும் தடிப்பிலேயே காணாமல் போய்விடும். மூங்கில் உள்ளே வெற்றாக இருந்தும் விறைப்பாக நிற்பதும் இதே காரணத்தால்தான்.

மாறாக, வெளிப்புறத்தில் 25 மி.மீ. மட்டும் சுற்றிலும் உளுத்துப்போனால்? விட்டம் 350 ஆகிறது. விறைப்பு 59 சதவீதமாகச் சரிகிறது, தொய்வு 19 மி.மீ.க்குப் போகிறது. வெளியே இருக்கும் வெளிறு கெட்டால் அளவுமானி அலறுகிறது. உள்ளே வைரம் கெட்டால் முணுமுணுக்கக்கூட இல்லை.

அது பரவாயில்லை, விறைப்பு இருக்கிறதே என்று நினைக்கலாம். இருக்கிறது, ஆனால் வெட்டுவிசை என்று ஒன்று உண்டு. உத்திரம் வளையும்போது அதன் நார்கள் ஒன்றன் மேல் ஒன்று சறுக்கப் பார்க்கும். அதைத் தடுப்பது கட்டையின் நடுமட்டத்தில் இருக்கும் மரம்தான். பொந்து விழுவதும் அதே இடம். முன் சொன்ன 200 மி.மீ. பொந்தில், நடுமட்டத்தில் சறுக்கலைத் தடுக்க மிஞ்சியிருக்கும் அகலம் பாதி. கணக்கிட்டால் வெட்டுத் தகைவு 87 சதவீதம் கூடுகிறது. தொய்வு 7 சதவீதம்கூடக் கூடாத இடத்தில்! தாங்குமிடத்தில் உட்காருவதற்காக முனையை அடியில் செதுக்கி மட்டம் செய்திருந்தால் இன்னும் மோசம். செதுக்கிய மூலையிலிருந்து நார் வாக்கில் பிளவு தொடங்கும். பிளந்த கட்டை இரண்டு மெலிந்த கட்டைகளாக வேலை செய்யும்.

ஆகவே தொய்வு அளவை மட்டும் வைத்துக் 'கட்டை நல்லது' என்று சான்றிதழ் கொடுப்பவரை நான் நம்பமாட்டேன். தொய்வு சொல்வது விறைப்பை. பாலத்தை வீழ்த்துவது வலிமைக் குறைவு. இரண்டுக்கும் மரத்தில் ஒரு தொடர்பு இருக்கிறதுதான். விறைப்பான மரம் பொதுவாக வலிமையும் கூடியது. ஆனால் சிதறல் பெரிது, பொந்தும் முனைப் பிளவும் அந்தத் தொடர்பை அறுத்துவிடும். அதனால்தான் ஆஸ்திரேலியப் பாலக் குழுக்கள் பாரச் சோதனைக்கு முன்னால் துளையிடும் கருவியை எடுக்கிறார்கள். தாங்குமிடத்தை ஒட்டியும் நடுவிலும் மெல்லிய துளை போட்டு, திருகு எங்கே எதிர்ப்பில்லாமல் உள்ளே போகிறது என்று குறித்து, மிஞ்சிய ஓட்டின் தடிப்பை எழுதுவார்கள். துளையைப் பிறகு மருந்து தடவிய முளையால் அடைத்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால், சோதித்தவர் போட்ட துளையே அடுத்த உளுப்புக்கு வாசல்.

லாரிக்குப் பதில் சுத்தியல்

முழுப் பாரச் சோதனைக்குச் செலவு அதிகம். நூற்றுக்கணக்கான பாலங்கள் உள்ள ஒரு வட்டாரத்தில் ஒவ்வொன்றுக்கும் லாரி, எடைமேடை, போக்குவரத்து நிறுத்தம் என்றால் நடக்காது. சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கீத் க்ரூஸ், பிஜான் சமாலி ஆகியோர் அடங்கிய குழு இதற்கு ஒரு குறுக்குவழியை உருவாக்கி, நியூ சவுத் வேல்ஸ் உள்ளாட்சிகளின் பாலங்களில் பயன்படுத்தியது. உத்திரங்களின் அடியில் அதிர்வைப் பதியும் முடுக்கமானிகளை ஒட்டிவிட்டு, தளத்தின் மேல் விசை அளக்கும் சுத்தியலால் ஓர் அடி. பாலம் தன் இயல் அதிர்வெண்ணில் அதிரும். ஆனால் அதிர்வெண் மட்டும் போதாது. அது விறைப்பையும் நிறையையும் சேர்த்துச் சொல்கிறது. பாலத்தின் நிறை யாருக்கும் சரியாகத் தெரியாது. எத்தனை முறை சரளை கொட்டினார்கள், பலகை எவ்வளவு ஈரம் குடித்திருக்கிறது, யாருக்குத் தெரியும்?

அவர்கள் செய்த தந்திரம் அழகானது. அதே அடியை இரண்டு முறை அடிக்கிறார்கள்: பாலம் இருந்தபடி ஒருமுறை, எடை தெரிந்த ஒரு பாரத்தை நடுவில் வைத்து இன்னொரு முறை. பாரம் வைத்ததும் அதிர்வெண் இறங்கும். இரண்டு சமன்பாடு, தெரியாதவை இரண்டு. நிறையும் விறைப்பும் இரண்டுமே வெளியே வந்துவிடும்.

கணக்குக்காக எண்கள் வைத்துப் பார்க்கலாம். வெறும் பாலம் விநாடிக்கு 8 முறை அதிர்கிறது. 5 டன் வைத்ததும் 6.5 ஆகிறது. சூத்திரத்தில் போட்டால் கண்ணின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 24.5 கிலோநியூட்டன். அதிரும் நிறை சுமார் 9.7 டன். இந்தப் பாலத்தில் 10 டன் பாரத்தை நடுவில் வைத்தால் 4 மி.மீ. தொய்யும் என்று லாரியே இல்லாமல் சொல்லிவிடலாம். அதன் பிறகு விறைப்பிலிருந்து வலிமைக்குப் போவது புள்ளியியல் வேலை. முன் பகுதியில் சொன்ன எச்சரிக்கை இங்கேயும் அப்படியே பொருந்தும்; பொந்தின் கணக்கு சுத்தியலுக்கும் மாறாது. இன்னொரு குறை, சுத்தியல் அடி மிகச் சிறியது. பலகைக்கும் உத்திரத்துக்கும் நடுவே இடைவெளி உள்ள பாலத்தில் அந்த அடி இடைவெளியை மூடாது. லாரி மூடும். அதனால் சுத்தியல் சொல்லும் விறைப்பு உண்மையைவிடக் குறைவாக வரலாம்.

எனக்கு இந்த முறையில் பிடித்தது விலைதான். ஒரே நாளில் பல பாலங்களை முடித்து, சந்தேகமானவற்றை மட்டும் பெரிய சோதனைக்குப் பிரிக்கலாம்.

தொடாமல் அளப்பது

2000களின் தொடக்கத்தில் பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் கார்டன், லிச்ட்டி முதலியோர் வேறு திசையில் யோசித்தார்கள். டயல் கேஜ் வைத்த இடத்தில்தான் அளவு கிடைக்கும். பாலம் முழுவதும் எப்படி வளைகிறது என்று தெரியாது. லேசர் ஸ்கேனர் சில நிமிடங்களில் பல்லாயிரம் புள்ளிகளை அள்ளிவிடும். சிக்கல் என்னவென்றால், அக்காலத்து சைரக்ஸ் 2500 கருவியில் ஒரு புள்ளியின் இருப்பிடம் 50 மீட்டர் தூரத்தில் 6 மி.மீ. வரை முன்பின் இருக்கும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருந்தார். அளக்க வேண்டிய தொய்வே 10 மி.மீ.!

புள்ளிகளைத் தனித்தனியாகப் பார்க்காமல், உத்திரம் எந்த வடிவில் வளைய முடியும் என்பதை முன்கூட்டியே கணக்கில் புகுத்தினார்கள். நடுவில் பாரம் வைத்த உத்திரம் கண்டபடி வளையாது. பாரத்தின் இருபுறமும் மூன்றாம் படி வளைகோடுகள், பாரத்துக்கு அடியில் அவை ஒன்றாகச் சேரும். அந்த வளைகோட்டைப் புள்ளிக் கூட்டத்தில் பொருத்தினால், தற்செயலான பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். பிழை முழுக்கத் தற்செயல் என்றால் 400 புள்ளிகளின் சராசரியில் அது இருபதில் ஒரு பங்காகும், 6 மி.மீ. 0.3 ஆகும். ஆய்வகத்தில் மர உத்திரத்தைப் படிப்படியாகப் பாரமேற்றி, புகைப்பட அளவியல் (படங்களிலிருந்து அளவெடுக்கும் முறை) முடிவுகளோடு ஒப்பிட்டபோது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துல்லியம் உண்மையிலேயே கிடைத்தது. சாலையில் உள்ள மரப்பாலத்தின் பாரச் சோதனையிலும் இதே வழியை முயன்றார்கள்.

ஒப்பீட்டுக்கு வைத்த புகைப்பட அளவியலே மரப்பாலத்துக்கு நல்ல பொருத்தம் என்பது என் எண்ணம். உத்திரத்தின் பக்கவாட்டில் வெள்ளைக் குறிகளை அடித்துவிட்டு, பல கோணங்களில் படமெடுத்து, நீளம் தெரிந்த ஒரு கோலைப் படத்துக்குள் வைத்தால் போதும். ஈரமான கருத்த மரத்தில் லேசர் திணறும். வெள்ளைக் குறிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் வளைகோட்டைப் பொருத்தும் முறையில் ஒரு கண்ணி இருக்கிறது. முழு உத்திரம் ஒரே விறைப்பு என்று வைத்துத்தான் அந்த வடிவம் வருகிறது. ஒரு முனை பிளந்திருந்தால் உண்மையான வளைவு அங்கே மாறும். கணக்கு அதை 'பிழை' என்று நினைத்து வழித்துவிடும். பொருத்திய பின் மிஞ்சும் எச்சங்களை வரைந்து பார்ப்பவருக்குத்தான் பிளவு தென்படும்.

சட்டகப் பாலங்கள்

பெரிய ஆறுகளில் நிற்கும் சட்டகப் பாலங்களில் தொய்வுக்கு வேறு அர்த்தம். 1890களில் பெர்சி ஆலன் வடிவமைத்த சட்டகத்தில் ஒவ்வொரு உறுப்பையும் தனியாகக் கழற்றி மாற்றலாம். நிமிர்ந்து நிற்கும் இழுகம்பிகளின் திருகாணியை முறுக்கி, தொங்கிப்போன பாலத்தை மறுபடி மேலே தூக்கலாம். மரம் காய்ந்து சுருங்கச் சுருங்க மூட்டுகள் தளரும், பாலம் இறங்கும், பராமரிப்புக் குழு முறுக்கும். ஆகவே இன்று ஒரு ஆலன் சட்டகம் 60 மி.மீ. தொங்கியிருக்கிறது என்றால் அது மரத்தின் கேடு என்று உடனே சொல்ல முடியாது. வருஷக்கணக்காக யாரும் திருகாணியைத் தொடவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். பாரத்தில் வரும் கூடுதல் தொய்வும், அது மீளும் விதமும்தான் செய்தி.

வயதான பாலம்தான் ஆபத்து என்பதும் முழு உண்மையில்லை. நார்வேயில் ட்ரெட்டன் பாலம் 2012ல் திறந்தது, பலகைகளைப் பசையால் ஒட்டிச் செய்த ஒட்டுமரத்தால் ஆன நவீன சட்டகம். 2022 ஆகஸ்ட் 15 காலை ஒரு லாரியும் ஒரு காரும் மேலே இருக்கும்போது அப்படியே விழுந்தது. ஓட்டுநர்கள் இருவரும் உயிர் தப்பினார்கள். அதற்கு முன் 2016 பிப்ரவரியில் அதே நாட்டில் பெர்கோலோ பாலம் லாரியோடு விழுந்திருந்தது. இரண்டிலும் கோளாறு இணைப்புகளில். மர இணைப்பில் ஒரு துண்டு அப்படியே கழன்று வரும் முறிவு முன்னறிவிப்பு இல்லாதது. விழுவதற்கு முந்தைய நாள் தொய்வை அளந்திருந்தாலும் வழக்கமான எண்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பழைய கட்டைப் பாலம் இந்த விஷயத்தில் கொஞ்சம் நாகரிகமானது. ஐந்து உத்திரத்தில் ஒன்று முறிந்தால் மற்ற நாலு பிடித்துக்கொள்ளும், ஓட்டுநருக்குத் தளம் அமுங்குவது தெரியும்.

முடிவுகளை வைத்து என்ன செய்கிறார்கள்

எல்லாம் நன்றாக வந்தால் பாரக் கட்டுப்பாட்டுப் பலகையை எடுத்துவிடலாம், அல்லது எண்ணை உயர்த்தலாம். நடுவில் நின்றபோது நல்ல எண்ணும் ஓரத்தில் நின்றபோது கெட்ட எண்ணும் வந்த பாலத்தில், ஓரங்களில் தடுப்பு வைத்து வண்டிகளை நடுவில் ஒற்றை வழியாக ஓட்டச் செய்வார்கள். காசு செலவில்லாத வைத்தியம் இது, பல இடங்களில் போதுமானதும்கூட. தளம் பாரத்தைப் பங்கிடவில்லை என்று தெரிந்தால் ஆணிகளை மறுபடி அடிப்பதும் பலகைகளை மாற்றுவதும் உத்திரத்தை மாற்றுவதைவிட அதிகப் பலன் தரும். மேற்கு ஆஸ்திரேலியாவில் பழைய தளத்தின் மேல் கான்கிரீட் போட்டுப் பங்கீட்டைச் சரிசெய்த பாலங்கள் நிறைய. 1976ல் கனடாவின் ஒன்டாரியோவில் தொடங்கிய இன்னொரு வழி, பலகைகளைச் செங்குத்தாக அடுக்கி எஃகுக் கம்பிகளால் குறுக்கே இறுக்கி ஒரே பாளமாக்குவது. அது ஆஸ்திரேலியாவுக்கும் வந்தது. வேகக் கட்டுப்பாடும் ஒரு மருந்துதான். லாரியின் உடல் விநாடிக்கு ஒன்றரை முதல் நாலு முறை குதிக்கும், அச்சுகள் எட்டு முதல் பதினைந்து முறை. கட்டைப் பாலத்தின் அதிர்வெண் பெரும்பாலும் இந்த இரண்டாவது எல்லைக்குள் விழுகிறது. பாலத்தின் நுழைவில் ஒரு குழி இருந்தால் நின்றிருக்கும் லாரி காட்டிய தொய்வைவிட ஓடும் லாரி கணிசமாகக் கூடுதலாகக் காட்டும். ஆகவே முதலில் குழியை மூடுவார்கள்.

உத்திரம் மாற்றிய பாலத்தில் ஒரு நுணுக்கம் பாக்கி இருக்கிறது. புதுக் கட்டை பெரும்பாலும் பச்சை மரமாகத்தான் வந்து சேரும். அவ்வளவு பெரிய அயர்ன்பார்க் கட்டையை உலர்த்தி வைக்க யாரிடமும் வருஷங்கள் இல்லை. பாலத்திலேயே அது காயும், சுருங்கும், போல்ட்டுகள் தளரும், பலகைக்கு அடியில் வெளிச்சம் தெரியத் தொடங்கும். அதனால் மாற்றிய வாரத்தில் எடுத்த தொய்வை எதிர்கால ஒப்பீட்டுக்கு அடிப்படையாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு கோடை கடந்ததும் போல்ட்டுகளை முறுக்கி, இடைவெளிகளில் ஆப்பு அடித்து, அதே அச்சு எடையுள்ள லாரியை அதே சுண்ணாம்புக் கோட்டில் நிறுத்தி எடுக்கும் அளவுதான் கோப்பில் முதல் பக்கத்துக்குப் போக வேண்டியது.